மலைவாசிக்கே மலைவாசி வேஷமா?

பூலாம்பாடியில் நின்று மேற்கே பார்த்தால் நீளப் படுத்துக் கிடக்கிறது பச்சைமலை. அதன் அடிவாரத்துக்கு ஒரு சினிமா கம்பெனி வந்து போனது. "பத்தாயிரம் வருஷத்துக்கு முந்திய கதை, ஆதிமனிதன் காட்டில் எப்படி உயிர் பிழைத்தான் என்று காட்டப் போகிறோம்" என்றார்கள் கம்பெனிக்காரர்கள். காட்டுவாசிக் கூட்டமாக நிற்க ஆள் வேண்டும் என்றார்கள். ஏஜெண்டு ஒருவர் மலைக்குப் போய், ஆணும் பெண்ணுமாக 26 பேரைத் திரட்டி வண்டியில் ஏற்றி வந்தார். நாளொன்றுக்கு 700 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாடு என்பது பேச்சு.

வந்தவர்களை வரிசையாக நிறுத்தி உதவி டைரக்டர் பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இவங்க காட்டுவாசி மாதிரியே இல்லையே!" என்றார். உண்மைதான். ஆண்கள் சட்டை போட்டிருந்தார்கள், லுங்கி கட்டியிருந்தார்கள். பெண்கள் தலை சீவிப் பூ வைத்து வந்திருந்தார்கள். இருவர் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள். இவர்களை எப்படி ஆதிமனிதனாக்குவது? கம்பெனிக்காரர்கள் வழி கண்டுபிடித்தார்கள். தலையில் சடை மாட்டினார்கள்; இடுப்பில் தழை கட்டினார்கள்; உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்புச் சாயம் பூசினார்கள். "யாரும் பேசக் கூடாது, ஊ ஊ என்று கத்தினால் போதும்" என்று உத்தரவு போட்டார்கள். "சார், எங்களுக்குத் தமிழ் வரும்" என்றார் ஒரு பெரியவர். கம்பெனியே சிரித்தது.

கதாநாயகன் நகரத்திலிருந்து வந்தவர். கதைப்படி அவரும் அதே காட்டில், அதே குடியில் பிறந்த ஆதிமனிதன்தான். ஆனால் அவர் முகத்தில் சாயம் இல்லை. கன்னத்தில் கொஞ்சம் புழுதி தடவியதோடு சரி. அவருக்கு மட்டும் பேச்சு உண்டு. அவர் பேசுவார், மற்றவர்கள் கத்துவார்கள். அவர் முன்னே நடப்பார். மற்றவர்கள் பின்னே ஓடுவார்கள். புலி வந்தால் அவர் கொல்லுவார், மற்றவர்கள் சாவார்கள்.

மூன்றாம் நாள் கம்பெனி மூட்டை கட்டியது. கைக்கு வந்தது நாளுக்கு 400 ரூபாய். மிச்சத்தைக் கேட்டால் ஏஜெண்டு கம்பெனியைக் காட்டுகிறார், கம்பெனி ஏஜெண்டைக் காட்டுகிறது. சாயம் பட்டு ஒரு தாயின் கழுத்தும் தோளும் கொப்பளித்துப் போயின. மருந்துச் செலவு அவர் பாடு.

நம்மிடம் வந்தபோது அந்தத் தாய் கூலியைப் பற்றி முதலில் பேசவில்லை. "எங்க மாதிரி வேஷம் போட எங்களையே கூப்பிட்டுட்டு, நீங்க சரியா இல்லேன்னு சொல்லிட்டாங்களே அண்ணே" என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

டீக்கடை விஞ்ஞானம்

இந்தச் சேதியை நாம் டீக்கடையில் சொல்லிக் கொண்டிருந்தபோது, படித்த நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். அவர் கையிலிருந்த போனில் ஓர் ஆங்கிலப் படம் ஓடிக் கொண்டிருந்தது. 2022-ல் வெளிவந்த 'அவுட் ஆஃப் டார்க்னஸ்' என்ற படம். 45,000 ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டிப் புது நிலத்தில் கரையேறிய ஒரு சிறு கூட்டம், பசியோடும் குளிரோடும் பயத்தோடும் போராடும் கதை. ஸ்காட்லாந்து மலைகளில் எடுத்தார்கள். அதில் நடித்தவர்களில் வெள்ளையரும் உண்டு, ஆப்பிரிக்க வம்சாவளியினரும் உண்டு.

நண்பருக்கு ஒரே ஆத்திரம். "ஆதிகாலத்து ஐரோப்பாவில் கறுப்பன் எங்கே வந்தான்? எல்லாவற்றிலும் எல்லா நிறத்தையும் நுழைக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். சரித்திரத்தையே பொய்யாக்குகிறார்கள்!" என்றார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஒரு கும்பல் இதே கூப்பாட்டைப் போடுகிறது. அந்தக் கூப்பாடு கடல் கடந்து பூலாம்பாடி டீக்கடை வரை வந்துவிட்டது.

நாம் கேட்டோம்: "நண்பரே, மலையிலிருந்து வந்த 26 பேருக்குச் சாயம் பூசினார்களே, அது சரித்திரத்தைப் பொய்யாக்குவது இல்லையா?" அவர் சொன்ன பதில்: "அது வேஷம்தானே!"

பலே! வெள்ளைக்காரன் நாட்டுக் கதையில் கறுப்பு மனிதன் தலை காட்டினால் பொய். நம் நாட்டுக் கதையில் மாநிற மனிதனைப் பிடித்துக் கறுப்பாக்கினால் வெறும் வேஷம். இந்த இரண்டு நியாயங்களும் ஒரே வாயிலிருந்து எப்படி வருகின்றன? இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம் இருப்பதால்தான். வெள்ளை முன்னேறிய நிறம், கறுப்பு பின்தங்கிய நிறம். மனிதகுலத்தின் சரித்திரமே கறுப்பிலிருந்து வெளுப்புக்கு ஏறும் ஏணி. இதுதான் அந்த எண்ணம். இந்த எண்ணத்தை முதலில் விஞ்ஞானத்தின் முன் நிறுத்துவோம்.

உண்மை என்ன?

நம்மைப் போன்ற மனிதன் ஆப்பிரிக்காவில் தோன்றி ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அங்கிருந்துதான் அவன் உலகெங்கும் பரவினான். ஐரோப்பாவில் அவன் கால் ஊன்றியது சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன். போனபோது அவன் தோல் கறுப்பு. கடும் வெயிலில் உடம்பைக் காப்பதற்கு இயற்கை தந்த போர்வை அது. வெயில் குறைந்த வடதேசங்களில் உடம்புக்கு வேண்டிய வைட்டமின் டி உண்டாக வெளுத்த தோல் உதவியது. அதனால் அங்கே அது மெல்ல மெல்லப் பரவியது. ஒரு நாளில் நடந்ததல்ல. பல ஆயிரம் ஆண்டுகள் பிடித்த மாறுதல்.

சான்று வேண்டுமா? இங்கிலாந்தின் செடார் என்ற இடத்தில் ஒரு குகையில் 1903-ல் ஒரு மனித எலும்புக்கூடு கிடைத்தது. வயது சுமார் 10,000 ஆண்டுகள். அந்த எலும்பிலிருந்து மரபணுவை எடுத்து ஆராய்ந்த லண்டன் விஞ்ஞானிகள் 2018-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள்: கண் நீலம், தோல் பெரும்பாலும் கறுப்பாகவே இருந்திருக்கும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, ஸ்பெயினில் கிடைத்த 7,000 ஆண்டுக்கு முந்திய வேட்டைக்காரன் ஒருவனைப் பற்றியும் இதே போன்ற முடிவு வந்திருந்தது. ஆக, 45,000 ஆண்டுக்கு முந்திய ஐரோப்பாவில் கறுப்பு நடிகனைக் காட்டியது பொய் அல்ல. கேள்வி கேட்பதானால், அந்தப் படத்தில் வெள்ளை நடிகர்கள் எப்படி வந்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும்!

இத்தனை காலம் எதைக் காட்டினார்கள்?

இந்த நண்பர்கள் சரித்திர உண்மைக்காக இன்று கண்ணீர் வடிக்கிறார்கள். கறுப்பர் தலை காட்டாத காலத்தில் இவர்கள் கண்ணீர் எங்கே போயிருந்தது?

1966-ல் இங்கிலாந்தின் ஹாமர் கம்பெனி 'ஒன் மில்லியன் இயர்ஸ் பி.சி.' என்று ஒரு படம் எடுத்தது. அதில் மனிதனும் டைனோசரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சண்டை போடுகிறார்கள். நம் ஜில்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இதைக் கேட்டுச் சிரிக்கும். சாத்தனூரில் கல்லாகிப் போன மரத்தை அது பார்த்திருக்கிறது. 18 மீட்டர் நீளத்துக்கு மேல், வயது சுமார் 12 கோடி ஆண்டு. 1940-ல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் உலகுக்கு எடுத்துச் சொன்ன மரம் அது. அரியலூர்ப் பக்கத்து மண்ணில் கடல் சங்கும் டைனோசர் எலும்பும் கல்லாகிக் கிடப்பதையும் பிள்ளைகள் அறிவார்கள். டைனோசர்கள் அழிந்து சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. மனிதனுக்கும் அவற்றுக்கும் நடுவே கோடிக் கணக்கான ஆண்டுகள் கிடக்கின்றன. அதை விடுவோம். அந்தப் படத்தில் இரண்டு குடிகள் வருகின்றன. ஒன்று முரட்டுக் குடி. அவர்கள் தலைமயிர் கறுப்பு. மற்றொன்று நாகரிகக் குடி. அவர்கள் தலைமயிர் பொன்னிறம். பத்து லட்சம் ஆண்டுக்கு முன்பே முரட்டுத்தனத்துக்கு ஒரு நிறம், நாகரிகத்துக்கு ஒரு நிறம் என்று கம்பெனி பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டது!

2008-ல் ஹாலிவுட் '10,000 பி.சி.' என்ற படத்தை அனுப்பியது. அதில் யானை போன்ற மாமத்துகளை ஓட்டிப் பிரமிடு கட்டுகிறார்கள். எகிப்தின் பெரிய பிரமிடுகள் எழுந்தது கி.மு. 2600-ஐ ஒட்டி. ஏழாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட புளுகு! அதையும் விடுவோம். எங்கிருந்தோ வரும் வேட்டைக்கார வீரனுக்காகவே காத்திருந்தவர்கள் போல, ஆப்பிரிக்கக் குடிகள் அவன் பின்னால் அணிவகுக்கின்றன. தங்களைத் தாங்களே விடுவித்துக் கொள்ள அவர்களுக்குத் தெரியாதாம். தலைவன் வெளியிலிருந்துதான் வர வேண்டுமாம். ஏகாதிபத்தியம் இருநூறு ஆண்டு சொன்ன அதே கதையைப் பன்னிரண்டாயிரம் ஆண்டு பின்னுக்குத் தள்ளிச் சொன்னார்கள். அப்போது "சரித்திரம் கெட்டது" என்ற கூப்பாடு எத்தனை பேர் வாயிலிருந்து வந்தது?

நம் வீட்டுக் கதை

வெள்ளைக்காரனைச் சொல்லிவிட்டு நம்மைத் தப்ப விடுவது நியாயமல்ல. தமிழ்ப் படமுதலாளிகள் என்ன செய்கிறார்கள்?

2024 நவம்பர் 14-ல் 'கங்குவா' வந்தது. முந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவு என்று பத்திரிகைகள் எழுதின. சத்தம் தாங்கவில்லை என்று ஜனங்கள் முறையிட, ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தியேட்டர்காரர்களைத் தயாரிப்பாளரே கேட்டுக் கொண்டார். கதை நடப்பது 1070-ம் ஆண்டாம். ஐந்து தீவுகள், தோலும் எலும்பும் சடையும் தரித்த குடிகள், ரத்தம், மேலும் ரத்தம். பெருமாச்சித் தீவின் வீரனாகச் சூர்யா. அரத்தித் தீவின் கொடியவனாக மும்பையிலிருந்து வந்த பாபி தியோல்.

1070 என்ற ஆண்டு நமக்கு அந்நியமானதல்ல. அந்த ஆண்டில்தான் முதலாம் குலோத்துங்கன் சோழ அரியணையில் ஏறினான். தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம். இன்றைய அரியலூர் மாவட்டம். அங்கே கல்லில் எழுந்த கோயில் இன்றும் நிற்கிறது. ஏரியும் கல்வெட்டும் வரிக்கணக்கும் இருந்த அந்தக் காலத்தில், தமிழ் பேசும் தீவுக்காரன் மட்டும் மண்டை ஓட்டை மாட்டிக் கொண்டு திரிந்தான் என்று எந்த ஆதாரத்தில் காட்டினார்கள்?

ஒன்றை இங்கே தெளிவாக்குவோம். கோயில் கட்டியவன் மனிதன், தோல் உடுத்தியவன் மிருகம் என்பது நமது வாதமல்ல. அந்தக் கல்லைச் சுமந்தவன் முதுகில் எத்தனை தழும்பு என்று கல்வெட்டு சொல்லவில்லை. தோல் உடுத்தியவனிடம் பாட்டு இருந்தது, மருந்து இருந்தது, முறை இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு ரத்தத்தை மட்டும் ஏன் காட்டுகிறீர்கள் என்பதே நமது கேள்வி. இந்த முந்நூறு கோடிக் கூட்டத்தில் முன்னணி வேடம் எதிலாவது மலையில் பிறந்த ஒருவர் உண்டா?

2017-ல் வந்த 'வனமகன்' படத்தையும் பாருங்கள். அந்தமான் காட்டில் பிறந்த ஆதிவாசியாக ஜெயம் ரவி நடித்தார். காட்டைப் பறிக்கும் கம்பெனியை எதிர்க்கும் கதை என்பதால் அதை நாம் தூற்றவில்லை. ஆனால் நிஜமான அந்தமான் ஆதிவாசி செய்த சாதனை என்ன? 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, கடல் பின்வாங்கியதைக் கண்டதுமே ஓங்கே மக்கள் மேட்டுநிலம் ஏறி உயிர் பிழைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு அவர்களைக் காத்தது. அதே கடலோரத்தில் நிலநடுக்கமானியும் வானொலியும் வைத்திருந்த நாம் ஆயிரக்கணக்கில் மாண்டோம். உயிர் பிழைத்த கதை வேண்டுமென்றால் அதைவிடப் பெரிய கதை எது? அதைப் படமாக்க எந்த முதலாளி முந்நூறு கோடியை எடுத்தார்?

பழம்பெருமைக் கூட்டத்துக்கு ஒரு வார்த்தை

இதைப் படித்ததும் வேறொரு கூட்டம் மார் தட்டும். "பார்த்தீர்களா, உலகத்துக்கே நாம்தான் மூத்தவர்கள்! அத்திரம்பாக்கத்தைப் பாருங்கள்!" என்று கிளம்பும். அத்திரம்பாக்கத்தை நாமும் பார்க்கிறோம், பெருமையோடுதான் பார்க்கிறோம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார். பின்னாளில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அவர்களுடைய குழுவினரும் அங்கே தோண்டி ஆராய்ந்தார்கள். அந்தக் கற்கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று 2011-ல் தெரிவித்தார்கள்; இன்னும் நுட்பமான கருவிகள் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அங்கே உருவாயின என்று 2018-ல் தெரிவித்தார்கள். ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டுமே ஆதிமனிதன் அறிவு வளர்ந்தது என்ற எண்ணத்துக்கு அது பெரிய அடி.

ஆனால் 15 லட்சம் ஆண்டுக்கு முன் அந்தக் கல்லைத் தட்டியவன் தமிழனா? இல்லை. அவன் நம்மைப் போன்ற மனிதன்கூட இல்லை. நமக்கு முந்திய மனித இனம். அன்று தமிழும் இல்லை, வடமொழியும் இல்லை, ஜாதியும் இல்லை, பட்டாவும் இல்லை. அவனை ஓர் ஊருக்கும் ஒரு ஜாதிக்கும் சொந்தமாக்குவது, கறுப்புக்கும் வெளுப்புக்கும் ஏணி கட்டுகிறவன் செய்யும் அதே வேலைதான். ஆதிமனிதன் எவனுக்கும் தனிச் சொத்தல்ல. நம் மரபணுவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, ஐரோப்பாவில் வாழ்ந்து மறைந்த நியாண்டர்தால் மனிதனிடமிருந்து வந்தது. 2010-ல் அந்த மரபணுவைப் படித்துக் காட்டிய ஸ்வாந்தே பேபோவுக்கு 2022-ல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் எல்லோருமே கலப்புதான்.

உயிர் பிழைத்தது எப்படி?

இந்தப் படங்கள் சொல்லும் பெரிய பொய் நிறத்தோடு நிற்பதில்லை. "ஒருவன் வலிமையால் உயிர் பிழைத்தான், பலவீனன் செத்தான், மனிதனுக்கு மனிதன் ஓநாய்" என்று அவை போதிக்கின்றன. இது குகையின் தர்மமல்ல. பங்குச் சந்தையின் தர்மம்! தன் தர்மத்துக்குப் பழமையின் முத்திரை குத்திக் கொள்ள முதலாளித்துவம் குகையைத் தேடிப் போகிறது.

குகை என்ன சொல்கிறது? இராக்கின் வடக்கு மலையில் ஷானிதார் என்றொரு குகை. 1957-ல் ரால்ஃப் சொலெக்கி அங்கே ஒரு நியாண்டர்தால் மனிதனின் எலும்பைக் கண்டெடுத்தார். இளம் வயதிலேயே அவனுக்கு முகத்தில் பலத்த அடி, ஒரு கண்ணில் அநேகமாகப் பார்வை இல்லை, வலக்கை சூம்பிப் போனது, நடையும் கோணல். வேட்டையாட முடியாதவன். இந்தச் சினிமாக்களின் கணக்குப்படி அவன் அடுத்த காட்சியில் செத்திருக்க வேண்டும். ஆனால் அவன் நாற்பதை ஒட்டிய வயது வரை வாழ்ந்தான்! அந்தக் காலத்தில் அது முதுமை. யாரோ அவனுக்குச் சோறிட்டார்கள். யாரோ அவனைத் தூக்கி நடந்தார்கள். கூட்டம் அவனைக் காத்தது. இத்தகைய பகிர்ந்துண்ணும் வாழ்க்கையைப் பற்றித்தான் மார்கனின் ஆராய்ச்சியைக் கொண்டு எங்கெல்ஸ் 1884-ல் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்ற நூலை எழுதினார். அந்த நூலின் சில விவரங்களைப் பின்வந்த ஆராய்ச்சி திருத்தியிருக்கலாம். தனிச்சொத்து என்றென்றும் இருந்ததல்ல என்ற அடிப்படை அப்படியே நிற்கிறது.

யார் காட்டுமிராண்டி?

பச்சைமலையில் வாழும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தார் என்று எண்ண வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று தங்களைச் சொல்லிக் கொள்ளும் தமிழ் பேசும் பழங்குடியினர். இதே குடியினர் கல்வராயனிலும் சேர்வராயனிலும் சித்தேரி மலையிலும் வாழ்கிறார்கள். சித்தேரி அடிவாரத்தில் வாச்சாத்தி என்ற ஊர் இருக்கிறது; அந்த ஊரின் பெயரைத் தமிழகம் மறந்துவிடக் கூடாது.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் புகுந்தன. அடித்தார்கள், கொள்ளையிட்டார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். பதினெட்டுப் பெண்களை மானபங்கம் செய்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடி இயக்கமும் அந்த ஏழை ஜனங்களோடு பத்தொன்பது ஆண்டு நின்ற பிறகு, 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்து போனார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. ஒருவர் பாக்கியின்றி அத்தனை பேரும் சர்க்கார் சம்பளம் வாங்கியவர்கள். நாம் கேட்கிறோம்: இதில் காட்டுமிராண்டி யார்? தழை கட்டியவனா, காக்கி கட்டியவனா?

வாச்சாத்திப் பெண்கள் முப்பத்தோரு ஆண்டு கோர்ட்டுப் படி ஏறி இறங்கி நின்றார்களே, அதுதான் உயிர் பிழைத்த கதை. சடை மாட்டிப் புலியைக் குத்துவதல்ல.

இன்னொரு சம்பவம். 2023 மார்ச் 30. சென்னையில் ஒரு தியேட்டர். நரிக்குறவர் குடும்பம் ஒன்று கையில் டிக்கெட்டோடு படம் பார்க்க வந்தது. வாசலில் நிறுத்திவிட்டார்கள். அந்தக் காட்சியை யாரோ படம் பிடித்துப் பரப்பி, ஊர் கொதித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு, 2022 டிசம்பரில்தான், நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது. சட்டம் உள்ளே அழைத்தது. வாசல்காரன் வெளியே நிறுத்தினான். திரையில் இவர்கள் வேஷம் வேண்டும். திரைக்கு முன்னால் இவர்கள் வேண்டாம்!

இரண்டு ஆட்சேபங்கள்

"சினிமா கற்பனைதானே, யார் வேண்டுமானாலும் எந்த வேடமும் போடலாமே" என்கிறார்கள் சிலர். சரி, போடலாம். அப்படியானால் மலைவாசிப் பெண் கதாநாயகியாக வேடம் போடட்டும். பச்சைமலைப் பையன் டாக்டராகவும் கலெக்டராகவும் காதலனாகவும் நடிக்கட்டும். கற்பனைக்கு எல்லை இல்லை என்பவர்கள் அதற்கு மட்டும் ஏன் எல்லை போடுகிறார்கள்? கற்பனை ஒரு திசையில் மட்டும் ஓடினால் அதற்குப் பெயர் கற்பனை அல்ல, வழக்கம். மேலே இருப்பவன் கீழே இருப்பவனாக நடித்துப் பரிசு வாங்கலாம். கீழே இருப்பவன் தானாக நடிக்கக்கூடத் தகுதியற்றவன் என்ற வழக்கம்!

நம் தோழர்களில் சிலரும் ஓர் ஆட்சேபம் சொல்கிறார்கள். "வெங்காயத்துக்கு விலை இல்லை, மக்காச்சோளத்தில் புழு, நூறு நாள் வேலைக் கூலி பாக்கி, இந்த நேரத்தில் சினிமா முகத்தைப் பற்றிப் பேசுவது வீண் வேலை. திரையில் நாலு கறுப்பு முகம் வந்தால் கூலி உயருமா?" என்கிறார்கள்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. திரையில் பல நிறத்தவரை நிறுத்திவிட்டு, படம் எடுக்கும் இடத்தில் அதே ஏழையின் கூலியை அமுக்கும் முதலாளியை நாம் அறிவோம். நாலு முகத்தைக் காட்டி நியாயம் செய்துவிட்டதாகப் பம்மாத்துப் பண்ணுவார்கள். அந்த அலங்காரத்துக்கு நாம் மயங்க வேண்டியதில்லை.

ஆனால் மறுபாதியைப் பாருங்கள். அந்த 26 பேருக்கு 700 பேசி 400 கொடுக்கும் துணிவு எங்கிருந்து வந்தது? "இவன் காட்டுவாசி, இவனுக்குக் கணக்குத் தெரியாது, இவன் கேட்க மாட்டான்" என்ற எண்ணத்திலிருந்து வந்தது. அந்த எண்ணத்தைக் கம்பெனிக்காரன் தாயின் வயிற்றிலிருந்து கொண்டு வரவில்லை. பார்த்த படங்களிலிருந்து கொண்டு வந்தான். வாச்சாத்திக்குள் புகுந்தவர்களுக்கும் "இவர்கள் மனிதர்களே அல்ல" என்ற எண்ணம் முன்பே இருந்தது. பேச்சில்லாதவனாகக் காட்டப்பட்டவனின் பேச்சை எவன் கேட்பான்? முகத்தில் பூசும் சாயமும் கூலியில் பிடிக்கும் 300 ரூபாயும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைத் தீர்க்க முடியாது.

நாம் கோருவது

ஆதிமனிதனைப் பற்றிப் படம் எடுக்காதே என்று நாம் சொல்லவில்லை. எடுக்கட்டும், நன்றாக எடுக்கட்டும். அத்திரம்பாக்கத்தின் கல்லைத் தட்டிய கைகளைக் காட்டட்டும். சூம்பிய கைக்காரனைச் சுமந்த தோள்களைக் காட்டட்டும். ஆனால் மனிதத் தோலின் மேல் "காட்டுவாசி நிறம்" பூசும் அக்கிரமம் நிற்க வேண்டும். மலைமக்கள் நடித்தால் அவர்களுக்குப் பேச்சு வேண்டும், பாத்திரத்துக்குப் பெயர் வேண்டும், படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம் வேண்டும். கூலியை ஏஜெண்டு கையில் கொடுக்காமல், எழுதிய ஒப்பந்தப்படி நேராக அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். உடம்புக்குக் கேடு வந்தால் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். நகரத்துச் சினிமாத் தொழிலாளருக்குச் சங்கம் தேடித் தந்த பாதுகாப்பு, ஊர்ப்புறத்தில் இரண்டு நாள் கூட்டத்தில் நிற்கும் ஏழைக்கும் கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி காட்டுநிலத்தில் உழுதவனுக்குப் பட்டா வேண்டும். காலடியில் நிலம் உள்ளவன் முகத்தில் எவனும் சாயம் பூசத் துணிய மாட்டான்.

26 பேருக்கும் வர வேண்டிய பாக்கி, ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 300 ரூபாய். இரண்டு நாளுக்கு 600. மொத்தம் 15,600 ரூபாய். கோடிகளில் படம் எடுப்பவர்களுக்கு இது ஒரு வேளை டீச்செலவு. மலைக்கு இது 26 வீட்டு அரிசி. இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி 26 பேரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். கைநாட்டு அல்ல, கையெழுத்து! அந்தக் காகிதம் தொழிலாளர் துறைக்குப் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் பூலாம்பாடியிலிருந்து பெரம்பலூர் வரை காகிதத்தோடு மனிதர்களும் போவார்கள்.

"சார், எங்களுக்குத் தமிழ் வரும்" என்று சொன்ன பெரியவர்தான் முதல் கையெழுத்து. அன்று சிரித்தவர்கள் அவர் பேசுவதைக் கேட்கத் தயாராகட்டும்.